இடுப்புக்குள்ளேயா இருக்கிறது அழுகை?

இன்ஸ்டாகிராமைத் திறந்தாலே இப்போது ஒரே மாதிரி வீடியோக்கள். மங்கலான வெளிச்சம், பின்னணியில் புல்லாங்குழல், ஒரு காலை முன்னால் மடித்து மறு காலைப் பின்னால் நீட்டி யோகா மேட்டில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பெண். கேமரா மெதுவாகப் பக்கத்தில் போகிறது. அவர் அழுகிறார். உங்கள் கண்ணீரை உங்கள் இடுப்பு சேமித்து வைத்திருக்கிறது என்று திரையில் எழுத்து ஓடுகிறது. கீழே கமென்ட்டில் "எனக்கும் இப்படி ஆச்சு" என்று வரிசையாக. கூடவே, "லிங்க் அனுப்புங்க சிஸ்டர்."

வைரலாகும் ஆரோக்கிய விஷயங்களில் எதை வீட்டுக்குள் விடலாம், எதை வாசலோடு அனுப்பலாம் என்று பார்ப்பதுதான் இந்தப் பகுதியின் வேலை. இந்த வாரம் இதை எடுக்க வைத்தது, திருப்பூரிலிருந்து வந்த ஒரு மெயில்.

எழுதியவர் நாற்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. பனியன் கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகள், கூடவே வயதான மாமியார். தோள்பட்டை வலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்திருக்கிறார். நான்காவது வாரம் அதே ஆசனம். கவிழ்ந்து படுத்தவருக்குக் காரணமே தெரியாமல் அழுகை வந்துவிட்டது. கால் மணி நேரம் நிற்கவில்லையாம். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, கணவர் போன துக்கம் இடுப்பில் கட்டிக்கொண்டு இருக்கிறது, அதை முழுதாக வெளியே எடுக்கப் பத்து சிட்டிங் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். கட்டணம் 18,000 ரூபாய். நாத்தனாரோ, "சுத்த ஏமாத்து வேலை, அண்ணி" என்கிறாராம்.

மெயிலின் கடைசி வரிகள் இவை: "நான் அழுதது நடிப்பு இல்லீங்க. அன்னிக்கு ராத்திரி ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன். அப்ப அவர் சொன்னது நெசம்தானே? பணம் கட்டலாமா?"

ஆசிரியர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நாத்தனார் சொல்வதிலும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் 18,000 ரூபாய்க்குப் பதில் சொல்ல முடியும்.

உணர்ச்சி உடம்பில் தெரியும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழில் பயந்தால் அடிவயிறு கலங்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது. துக்கம் தொண்டையை அடைக்கிறது, நெஞ்சு கனக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் வயிறு எரிகிறது. பின்லாந்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பின்லாந்து, ஸ்வீடன், தைவான் நாடுகளைச் சேர்ந்த 701 பேரிடம் வெறும் உடம்பின் வரைபடத்தைக் கொடுத்து, கோபம் வந்தால் எங்கே சூடேறுகிறது, சோகம் வந்தால் எங்கே சோர்கிறது என்று வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மொழியும் கலாசாரமும் வேறாக இருந்தும் படங்கள் பெரிதும் ஒத்துப்போயின. கோபம் நெஞ்சிலும் கைகளிலும் ஏறியது. சோகத்தில் கை கால்கள் மங்கிப்போயின.

ஆனால், ஓர் இடத்தில் உணர்வது வேறு, அந்த இடத்தில் சேர்த்து வைத்திருப்பது வேறு. ஃபேன் ஓடுவது கூடத்தில்தான், சுவிட்ச் இருப்பது சுவரில். இடுப்புத் தசையை வெட்டிப் பார்த்தால் 2 வருடப் பழைய துக்கம் எதுவும் கிடைக்காது. தசை நார், ரத்தக் குழாய், நரம்பு, அவ்வளவுதான். நினைவும் பயமும் துக்கமும் மூளையின் வேலை. இணையத்தில் சுற்றும் 'எந்த உறுப்பில் எந்த உணர்ச்சி' சார்ட்டுகளை நான்கைந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இடது தோள் அம்மா மேல் உள்ள கோபம், இன்னொன்றில் அதே தோள் பணக்கவலை. உடற்கூறு என்றால் பக்கத்துக்குப் பக்கம் மாறாது.

அப்படியானால் இடுப்பை ஏன் சொல்கிறார்கள்? முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பி, இடுப்பெலும்புக்குள் நுழைந்து, தொடை எலும்பின் உட்பக்கத்தில் போய் ஒட்டும் சோவாஸ் என்ற தசை இருக்கிறது. காலைத் தூக்குவது, ஓடுவது, ஆபத்து வந்தால் முழங்காலை மடக்கிச் சுருண்டுகொள்வது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு அது இறுகும். இதில் மர்மம் எதுவும் இல்லை.

மனதுக்கும் தசைக்கும் உள்ள உண்மையான தொடர்பு இன்னும் எளிமையானது. திடீரென்று பட்டாசு வெடித்தால் என்ன செய்கிறோம்? தோள் காதுவரை ஏறும், கழுத்து உள்ளே போகும், மூச்சு அப்படியே நிற்கும். ஒரு நொடி வேலை அது. ஆனால், பல மாதங்களாகக் கவலையிலேயே இருப்பவருக்கு அந்த நிலை முழுதாக இறங்குவதே இல்லை. தாடை கடித்தபடி, தோள் பாதி ஏறியபடி, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றபடி. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால், அதை இறுக்கச் சொல்லி யாரும் உங்களிடம் கேட்கவில்லை. தாடைக்குள் கோபம் உட்கார்ந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எச்சரிக்கையாக இரு என்று மூளை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது, தசை கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த வழி இரண்டு பக்கமும் போகும் என்பதுதான் யோகாவுக்கு இதில் இடம் கொடுக்கிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் பலருக்குக் கையிலேயே தெரியும். நீளமாக, நிதானமாக மூச்சை விட விட, உடம்பை ஓய்வுக்குக் கொண்டுபோகும் நரம்பு மண்டலம் கை ஓங்குகிறது. கண்ணீர்ச் சுரப்பியை இயக்குவதும் அதே நரம்பு மண்டலம்தான்.

இப்போது அந்தத் திருப்பூர் வகுப்பறையை யோசியுங்கள். கண் மூடியிருக்கிறது. முகம் தரையைப் பார்த்து, யாரும் பார்க்க முடியாதபடி. மூச்சு நீள்கிறது. இடுப்பில் நல்ல இழுப்பு இருப்பதால் கவனம் வீட்டுக் கணக்கை விட்டு உடம்புக்குள் போகிறது. முக்கியமாக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "அம்மா" என்று யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வருடமாகப் பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது, மாமியார் முன்னால் உடையக்கூடாது, கம்பெனியில் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று இருந்த ஒருவருக்கு அழுகை வர வேறென்ன வேண்டும்? அந்த அழுகைக்கு இடுப்பைவிட அந்த ஒரு மணி நேரம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். சவாசனத்திலும் வந்திருக்கலாம். பலருக்கு வருகிறது.

துக்கத்தை உடம்பு வழியாக இறக்குவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. எங்கள் அப்பத்தா சிவகங்கைப் பக்கம். துக்க வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, முன்னும் பின்னும் ஆடி ஒப்பாரி வைப்பதையும், மாரில் அடித்து அழுவதையும் நான் சின்ன வயதில் பயத்தோடு பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காகப் போன வாரம் போனில் கேட்டேன்.

"அப்பத்தா, அப்படி அழுதா உடம்பு வலிக்காதா?"

"வலிக்கும் ஆத்தா. ஆனா அழுகாம இருந்தவளுக்குத்தேன் பின்னாடி படுக்கையில விழுகும்."

அதில் மூச்சு இருந்தது, அசைவு இருந்தது, தொடுதல் இருந்தது, ராகம் இருந்தது, கூட்டம் இருந்தது. பத்து சிட்டிங் பேக்கேஜ் மட்டும் இல்லை. நகரத்துக்கு வந்த பிறகு ஒப்பாரி நமக்குக் கூச்சமாகிவிட்டது. மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போய்விடுகிறோம். அந்த வெற்றிடத்தில்தான் இந்த வகுப்புகள் வந்து உட்காருகின்றன.

'உடம்பில் தேங்கிய உணர்ச்சி' என்ற பேச்சு நம் யோக நூல்களிலிருந்து வந்ததாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பதஞ்சலி, மனம் சிதறும்போது கூடவே வருபவை என்று துயரம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு நான்கையும் சொல்கிறார். மனமும் உடம்பும் சேர்ந்தே ஆடுகின்றன என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இடுப்பைத் திறந்தால் துக்கம் கொட்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கதையின் ஊர் வியன்னா. ஃப்ராய்டின் வட்டத்தில் இருந்த வில்ஹெல்ம் ரைஷ் என்ற மருத்துவர், மனிதன் அடக்கிய உணர்ச்சிகளைத் தசை இறுக்கமாக, ஒரு கவசம்போல அணிந்திருக்கிறான் என்றார். பின்னாளில் அமெரிக்கா போய், பிரபஞ்ச சக்தியைச் சேமிக்கும் பெட்டி என்று ஒன்றைச் செய்து, அதை விற்பதற்கான தடையை மீறியதால் சிறைக்குப் போய், 1957-ல் அங்கேயே இறந்தார். அவருடைய சீடர் அலெக்சாண்டர் லோவன், உடலை ஆழமாக அழுத்தித் திருத்தும் முறையைக் கொண்டுவந்த ஐடா ரால்ஃப், 1997-ல் வந்த புத்தகத்தால் பிரபலமான பீட்டர் லெவின் என்று அந்தக் கிளை வளர்ந்தது. 2014-ல் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் எழுதிய 'தி பாடி கீப்ஸ் தி ஸ்கோர்' அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ரீல்ஸுக்கு வந்துசேரும்போது அதற்குப் புல்லாங்குழலும் காவித்துணியும் மாட்டிவிட்டார்கள்.

அதே வான் டெர் கோல்க் குழு நடத்திய ஆய்வு ஒன்று, ரீல்ஸைவிட நிதானமானது. பல வருட அதிர்ச்சியிலிருந்து மீள முடியாமல், மற்ற சிகிச்சைகளும் பலன் தராமல் இருந்த 64 பெண்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு மணி நேரம், 10 வாரம் யோகா. மீதிப் பேருக்கு அதே 10 வாரம் பெண்கள் ஆரோக்கியம் பற்றிய வகுப்பு. முடிவில் யோகா செய்தவர்களில் 52 சதவிகிதம் பேருக்கு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பு என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. மற்ற குழுவில் 21 சதவிகிதம். ஆரம்பத்தில் இரண்டு குழுவுக்குமே குறைந்தது. பாதிக்கு மேல் போனபோது யோகா குழுவுக்கு மட்டும் அது நிலைத்தது.

நல்ல செய்திதான். ஆனால், அந்த வகை வகுப்பில் என்ன நடக்கும் என்பதைப் பாருங்கள். ஆசிரியர் மாணவியைத் தொட்டுத் திருத்தமாட்டார். "இதைச் செய்" என்று சொல்லமாட்டார். "விரும்பினால் கையைத் தூக்கலாம், விரும்பாவிட்டால் அப்படியே இருக்கலாம்" என்பார். பழைய சம்பவத்தை யாரும் கிளறமாட்டார்கள். அழ வைப்பது அங்கே நோக்கமே அல்ல. தன் உடம்பை என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கும் பழக்கத்தை, அதை ஒரு காலத்தில் இழந்தவர்களுக்குத் திரும்பத் தருவதுதான் நோக்கம். யோகா அங்கே கூடுதல் உதவியாகத்தான் பார்க்கப்பட்டது, சிகிச்சைக்கு மாற்றாக அல்ல.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2004 சுனாமிக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு, அந்தமான் முகாமில் தங்கியிருந்த 47 பேருக்கு ஒரு வாரம் யோகா கற்றுக்கொடுத்தார்கள். பயம், பதற்றம், சோகம், தூக்கமின்மை நான்கும் குறைந்ததாக அவர்களே சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லாததால், முழுப் பெருமையையும் யோகாவுக்குக் கொடுக்க முடியாது. இருந்தாலும் எல்லாம் கடலோடு போன ஆட்களுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் தூக்கம் வந்ததென்றால் அது சின்ன விஷயம் இல்லை.

மசாஜ், எண்ணெய்ச் சிகிச்சை, இப்போது 'பாடிவொர்க்' என்று சொல்லப்படுபவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம்பிக்கையான கை தொட்டால் உடம்பு இளகும். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வீடுகளில் இதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. இளகும்போது அழுகை வருவதும் இயல்பு. ஆனால், இந்த முடிச்சை அழுத்தினால் இந்த நினைவு வெளியே வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. 'வலிக்க வலிக்கத்தான் ரிலீஸ் ஆகும்' என்று ஏறி மிதிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கர்ப்பிணிகள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆழமான அழுத்தத்துக்குப் போகவே கூடாது.

சரி, திருப்பூர் சகோதரிக்கு. அந்த 18,000 ரூபாயைக் கட்டாதீர்கள். உங்கள் அழுகை நிஜம், தூக்கம் நிஜம், அதற்குக் காரணமானது ஏற்கெனவே மாதக் கட்டணத்தில் உங்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. வகுப்பு பிடித்திருந்தால் தொடருங்கள். அந்த ஆசனத்தில் இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்று தோன்றும் நாளில் விட்டுவிடலாம். அழுகை வந்தால் வரட்டும். வராத நாள் வீணான நாள் அல்ல. இன்னொன்று, நீங்கள் வகுப்பில் சேர்ந்ததே தோள்பட்டை வலிக்காக. அதை யாராவது டாக்டர் பார்த்தாரா என்று மெயிலில் இல்லை. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தோள் இறுகிப்போவது அடிக்கடி நடப்பது, சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம். துக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பரிசோதனை நடக்காமலே போய்விடும்.

இது எல்லோருக்கும் பொருந்தும். நெஞ்சு அடைக்கிறது, தாடை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது மனபாரமாக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். பெண்களுக்கு மாரடைப்பு பல நேரம் இப்படித்தான், பெரிய நெஞ்சுவலி இல்லாமல் வருகிறது. தொடர்ந்த சோர்வுக்கும் அழுகைக்கும் பின்னால் தைராய்டும் ரத்தசோகையும் இருப்பதுண்டு. முதலில் டாக்டர், பிறகு யோகா மேட்.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொரு பக்கம். ஆழமான ஆசனத்தில், கண் மூடி, மனம் இளகிக் கிடக்கும் ஒருவர் மேல் இன்னொருவருக்குக் கிடைக்கும் அதிகாரம். மைசூருவில் அஷ்டாங்க யோகாவை உலகுக்குக் கொண்டுபோன பட்டாபி ஜோயிஸ் 2009-ல் இறந்தார். ஆசனத்தைத் திருத்துகிறேன் என்று அவர் தகாத முறையில் தொட்டதாகப் பல மாணவிகள் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். 2019-ல் அவருடைய பேரன் சரத் ஜோயிஸே அந்தத் தொடுதல்கள் தவறானவை என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அவ்வளவு பெரிய பெயருக்கே அப்படி என்றால், மூன்று வார ஆன்லைன் சான்றிதழோடு 'ட்ரௌமா ஹீலர்' என்று போர்டு மாட்டுபவரிடம் இரண்டு மடங்கு உஷாராக இருக்க வேண்டும். தொடுவதற்கு முன் கேட்கிறாரா? வேண்டாம் என்றால் முகம் மாறாமல் விடுகிறாரா? தனி அறை, மூடிய கதவு என்று இழுக்கிறாரா? நீங்கள் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

நல்ல ஆசிரியர்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை. ஜோயிஸின் குருவான டி.கிருஷ்ணமாச்சாரியா பிற்காலத்தில் சென்னையில்தான் வாழ்ந்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் இங்கே தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தின் வழி, ஆளுக்கேற்ற யோகா. யோகாவுக்காக ஆளை வளைக்காமல், வந்தவரின் வயது, உடல்நிலை, மூச்சு, வீட்டுச் சூழல் பார்த்துப் பயிற்சியை வளைப்பது. எந்த ஊரில் வகுப்பு தேடினாலும் முதல் நாள் உங்களைப் பற்றி ஆசிரியர் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள்.

வகுப்புக்குப் போக முடியாதவர்களுக்கு, செலவில்லாத ஒன்று. தரையில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கி, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலியின் உட்காரும் பலகைமேல் வையுங்கள். இந்த நிலையில் அந்த சோவாஸ் தசைக்கு வேலையே இல்லை. ஒரு கை வயிற்றில். மூக்கால் மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விடுங்கள். அடக்க வேண்டாம், இழுத்துப் பிடிக்க வேண்டாம். பத்து நிமிடம் போதும். கண்ணை மூடினால் பயமாக இருக்கிறது என்றால் திறந்தே இருக்கட்டும். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி மெதுவாக எழுந்திருங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். கதவில் யாராவது தட்டினால், பத்து நிமிடம் கழித்து வரச் சொல்லுங்கள்.

எந்தப் பயிற்சிக்குப் பிறகாவது தூக்கம் கெடுகிறது, பழைய சம்பவம் கண்முன்னே ஓடுகிறது, உடம்பு மரத்துப்போனதுபோல இருக்கிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மனாஸ் இலவச மனநல உதவி எண் அது. தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு நேராகப் போகலாம்.